ஆரஞ்சு மாத்திரை போட்ட ஒன்பது நாள்

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். வீட்டுக்கார மேடம். மேடத்தை இந்தச் சத்து மாத்திரை வியாபாரத்தில் சேர்த்துவிட்ட செங்கல்பட்டு சார். பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள், இருவருக்கும் சுகர். முழங்கால் வலிக்காக வந்த ரிட்டையர்டு ஐயா ஒருவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து, மேடம் குடியிருக்கிற குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவந்து விற்கிற அம்மா. அவரோடு, கல்யாணமாகி இரண்டு வருடமான அவர் மருமகள். எட்டாவது ஆள் நான்.

எண்ணியதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் ஹாலை ஒட்டி இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். எல்லோருக்கும் மேடம் ஒரு பெரிய ஜக்கில் மோர் கலந்து வைத்திருந்தார். எட்டுப் பேரில் நாலு பேர் எழுந்து போனாலும், எனக்கு அவசரம் வரும் நேரத்தில் உள்ளே வேறு யாராவது இருப்பார்கள். இரண்டு வருடமாக எங்கே போனாலும் முதலில் தலைகளை எண்ணுவேன், அப்புறம் கதவு எங்கே என்று பார்ப்பேன். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி.

நான் அந்த வீட்டில் சமையல் செய்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் சமைக்கிறேன். மேடம் வீடு மூன்றாவது, காலை பத்து மணிக்கு. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. சபையில் ஜெபம் முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு நாலு மணிக்குப் போயிருந்தேன். சமைக்கக் கூப்பிடவில்லை. பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மாத்திரை, பவுடர் விற்கிறவர்களின் கூட்டத்தில் அது ஒரு வழக்கம். சாப்பிட்டுக் குணமானவர் எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் சாட்சி சொல்வார்களே, அந்த மாதிரி. சபையில் நான் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் கதை இதுதான். தொப்புளுக்கு நாலு விரல் கீழே, மூத்திரப் பை நிரம்ப நிரம்ப, உள்ளே யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி வலிக்கும். என் வீட்டுக்காரர் பெயின்டர். அவர் சுவர் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு சுருங்கும். போய்விட்டு வந்தால் பத்து நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி ஆரம்பம். தெருமுனை கிளினிக்கில் ஐந்து தடவை கிருமி மாத்திரை கொடுத்தார்கள். டெஸ்டில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. சூடு என்றார்கள். வெந்தயம், இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய், எல்லாம் ஆயிற்று. "பஸ்ல ஏறினா டிரைவருக்குப் பின்னாடி சீட்ட பாக்கறவங்க உண்டு, ஜன்னல் சீட்ட பாக்கறவங்க உண்டு. நீ ஒருத்திதான் எறங்கறதுக்கு எடம் பாத்துகினே ஏறுற" என்பார் வீட்டுக்காரர். சிரிக்கத்தான் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் பயம். இது வேறு ஏதாவது பெரிய நோயாக இருந்தால்? சம்பாதிக்க முடியாமல் படுத்துவிட்டால்?

முதல் இரண்டு வீட்டிலும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் வேலைக்காரி அவர்கள் பாத்ரூமுக்குள் போவது என்கிற பேச்சு அங்கே கிடையாது. நானும் கேட்டதில்லை. அதனால் காலையில் எழுந்ததிலிருந்து பத்து மணிவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டேன். குடிக்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அதுவே எரிச்சலைக் கூட்டுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு நாள் மேடம் வீட்டுச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். கேஸில் பருப்பு பொங்கி வழிகிறது, கையை எடுத்து அடுப்பைக் குறைக்க முடியவில்லை. மேடம் வந்து பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்து ஹால் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டார்.

"இனிமே கேட்டுக்கிட்டு நிக்காத. வந்தா போ. புரியுதா?"

மதுரைப் பக்கத்துக்காரர். கோபமாகப் பேசுவதுபோல்தான் அன்பாகப் பேசுவார். அந்தக் கதவு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மூன்று வீட்டில் ஒரு வீட்டிலாவது எனக்கு ஒரு கதவு இருந்தது.

அந்த வாரமே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் போகிறதா என்பது. இல்லை என்றேன். "போச்சுன்னா ஒரு நாள்கூட தள்ளக்கூடாது, அன்னிக்கே வரணும்" என்றார். ஸ்கேன் பார்த்துவிட்டு, இது கிருமி இல்லை, பையின் உள்பக்கம் புண்பட்டது மாதிரி இருக்கிற நோய், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும், அடக்கிவைக்கலாம் என்றார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. டீ, காபி, தக்காளி, புளி, எலுமிச்சை வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். தினமும் எத்தனை தடவை போகிறேன் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும்.

ரசம் வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கக்கூடாது. அன்றிலிருந்து வாசனையை வைத்துத்தான் உப்பு புளி சொல்கிறேன்.

எழுதுவதற்கு நோட்டு வாங்கவில்லை. வீட்டில் தினம் கிழிக்கிற காலண்டர் இருந்தது. கிழித்த தாளின் பின்பக்கம், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்துவைத்தேன்.

அதே வாரம்தான் மேடம் அந்த செட்டைக் கொடுத்தார். கற்றாழை காப்ஸ்யூல் ஒரு டப்பா, தண்ணீரில் கலக்குகிற மூலிகைப் பவுடர் ஒரு டப்பா. இரண்டாயிரத்து எண்ணூறு. "காசு அப்புறம் பாத்துக்கலாம், மாசம் ஆயிரம் ஆயிரமா சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்றார். கதவைத் திறந்துவிட்டவர் டப்பாவை நீட்டும்போது எப்படி வேண்டாம் என்பது? ஆசையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும், புதிதாக வந்ததென்று ஆரஞ்சு மாத்திரையும் சேர்ந்தது. தண்ணீரில் போட்டால் சோடா மாதிரி பொங்கிக் கரையும். அந்த செட் ஒவ்வொன்றும் நாலாயிரம். ஆக மூன்று மாதத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. நாலு மாதச் சம்பளத்தில் நாலாயிரம் பிடித்திருந்தார்.

அதற்குள் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கோடு என்பது ஒன்பதாகக் குறைந்திருந்தது. ஒரு நாள் சந்தோஷத்தில் கவரை எடுத்து மேடத்திடம் காட்டினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"இத வந்து கூட்டத்துல சொல்லு. ரெண்டு பேரு சேர்ந்தாங்கன்னா உன் பாக்கிய நான் பாத்துக்கிறேன். நீ ஒண்ணும் தரவேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், சமையலறையில் வைத்துத் தாள்களைப் புரட்டினார். முதல் வாரத்துத் தாள்களையும் கடைசி வாரத்துத் தாள்களையும் எடுத்து கிளிப் போட்டார். "நடுவுல உள்ளது எதுக்கு, நேரமில்ல" என்று மீதியை என் பையிலேயே போட்டுவிட்டார். நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செங்கல்பட்டு சார் பேசினார். "நோய்ன்னு ஒண்ணு கெடையவே கெடையாதும்மா. ஒடம்புக்கு வேணுங்கறது கெடைக்கல, அவ்ளோதான்."

ரிட்டையர்டு ஐயா காலை நீட்டிக்கொண்டார். "அப்ப என் முட்டிக்குக் கெடைக்காதது என்ன சார்? சர்வீஸ்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. பென்ஷன் பத்தலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரித்தால் கீழே இழுத்துப் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். மோரைத் தொடவில்லை.

மீன்காரம்மா சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சார், நான் மீன் விக்கறவ. எது புதுசு எது பழசுன்னு மூக்காலயே சொல்லிடுவேன். உங்க டப்பாவ மோந்து பாத்தா ஒண்ணும் தெரில. இந்தம்மா சொல்லட்டும். அவங்க சாப்ட்டுகிறாங்க. அவங்க நல்லாக்கீதுன்னா காச எடுத்து வெச்சிட்டுப் போறேன்."

சுருக்குப் பை என் பக்கம் திரும்பியது மாதிரி இருந்தது.

"இவளுக்கும் அதே எடத்துலதான் வலி" என்று மருமகளைக் காட்டினார். "செங்கல்பட்டு போவச் சொல்லி சீட்டு எழுதிக் குடுத்துகிறாங்க. போனா ரெண்டு நாள் ஏவாரம் போச்சி. இத்த சாப்ட்டா அங்க போவ வேணாம் இல்ல சார்?"

"அது உங்க இஷ்டம்மா. நம்மளோடது நேச்சுரல். சைட் எபெக்டே கெடையாது" என்றார் சார்.

அந்த மருமகள் தலையைத் தூக்கவே இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஒரு முழங்காலை இன்னொரு முழங்காலோடு ஒட்டவைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். அது என்னுடையது.

பேசக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டேன். முடிப்பதற்குள் கதவில் மெதுவாக ஒரு தட்டல்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம்க்கா."

திறந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகாமல் என் காதருகே வந்தாள்.

"உங்களுக்கும் செவப்பா போச்சாக்கா?"

"செவப்பான்னா?"

"ரத்தம். பத்து நாளா. அத்தைக்குத் தெரியாது. சொன்னா வேற இன்னாமோ நெனைச்சிக்குவாங்க. இந்தப் பவுடர் சாப்ட்டா நின்னுடுமா?"

என் பதிலுக்கு நிற்க அவளால் முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நடையிலேயே நின்றேன். டாக்டரம்மாவின் முதல் கேள்வி திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றாரே, இவள் பத்து நாள் தள்ளியிருக்கிறாள். உள்ளதைச் சொன்னால் ஆறாயிரத்து எண்ணூறும் என் தலையில். அதுகூடப் பரவாயில்லை. மேடத்தை அவர் வீட்டு ஹாலிலேயே, அவர் கூப்பிட்ட ஆட்கள் முன்னால் விட்டுக்கொடுத்தால், இந்தக் கதவு? நாளைக் காலை பத்து மணிக்கு இந்தக் கதவு எனக்குத் திறக்குமா? சொல்லாவிட்டால், உள்ளே இருக்கிறவள் ஒரு டப்பாவோடு வீட்டுக்குப் போவாள். அவள் மாமியாரிடம் நேராகப் போய்ச் சொல்லவும் முடியாது. அது அவள் ரகசியம், என்னுடையது இல்லை.

"வா வா, பயப்படாத. வீட்ல பேசுற மாதிரி பேசு" என்று மேடம் கூப்பிட்டார்.

கிளிப் போட்ட தாள்களைக் கையில் கொடுத்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு நாளைக்கு இருவத்திரெண்டு தடவ போயிகினு இருந்திச்சி" என்றேன். "இப்ப ஒம்போது, பத்து. அது நெஜம்."

மேடம் சிரித்தார். சார் கைதட்டப் போனார்.

"ஆனா பவுடர் ஆரம்பிச்ச அதே வாரம்தான் ஆஸ்பத்திரி மாத்திரயும் ஆரம்பிச்சேன். டீய வுட்டேன், புளிய வுட்டேன், தக்காளிய வுட்டேன். தண்ணி குடிக்கக் கத்துகினேன். எல்லாம் ஒண்ணாத்தான் பண்ணேன். எதனால கொறஞ்சிச்சின்னு கேட்டா எனக்குத் தெரியாது. காப்ஸ்யூலாலயும் இருக்கலாம். சத்தியமா தெரியாது."

"அம்மா ரொம்ப வெகுளி. தேங்க்ஸ்மா, உக்காருங்க" என்றார் சார்.

"இன்னும் முடிக்கல சார்."

என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது. பையைத் திறந்து நடுத் தாள்களை எடுத்தேன். ஒன்பது தாளில் மேல் மூலையில் வட்டம் போட்டிருந்தேன்.

"இந்த வட்டம் ஆரஞ்சு மாத்திர போட்ட நாளு. பதினாலுக்கு எறங்கினது மறுபடி இருவத்தஞ்சி, இருவத்தாறு ஆச்சி. ஒம்போதாம் நாளு பஸ்ஸுலயே அழுதுட்டேன். யாருக்கும் சொல்லாம நிறுத்திட்டேன். நிறுத்தின நாலாம் நாளு கொறஞ்சிச்சி. மத்தவங்களுக்கு அது நல்லா இருக்கலாம். எனக்கு ஆவல."

"இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றார் மேடம்.

"பயந்துட்டேன் மேடம்."

அடிவயிறு இழுக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்காமல் மீன்காரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு. டாக்டரம்மா என்னை மொதல்ல கேட்டது ரத்தம் போவுதான்னு. எனக்குப் போவல. போனா ஒரு நாளுகூட வூட்ல வெச்சிக்காம வரணும்னாங்க. எனக்கு மட்டும் போயிருந்தா இந்த டப்பாவத் தொட்டே இருக்க மாட்டேன். மொதல்ல ஆஸ்பத்திரி. இதெல்லாம் அப்பறம்."

மீன்காரம்மா என்னையும் மருமகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மீன் பார்க்கிற கண்.

"இன்னாத்துக்கு இந்தம்மா திடீர்னு ரத்தத்தப் பத்திப் பேசறாங்க?"

மருமகள் அழவில்லை. "அத்த, வூட்டுக்குப் போலாம். வழியில சொல்றேன்" என்றாள்.

சுருக்குப் பை இடுப்புக்குத் திரும்பியது. சுகர் அம்மாக்கள் இருவரும் பிறகு வருகிறோம் என்றார்கள். ஐயா மட்டும் ஒரு தைல பாட்டில் வாங்கினார், பாவம், மரியாதைக்கு.

எல்லோரும் போனதும் மோர் டம்ளர்களைக் கழுவினேன். யாரும் சொல்லவில்லை, கைக்கு வேலை வேண்டியிருந்தது. மேடம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உனக்கு நல்லதுன்னுதான் குடுத்தேன். நானும் அதத்தான் சாப்பிடுறேன்."

"தெரியும் மேடம்."

"ஒரு வார்த்த முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? அந்த மனுசன் முன்னாடி எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

சொல்லியிருக்கலாம்தான். கோடு கோடாக எழுதத் தெரிந்தவளுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் கதவருகே கேட்டதை மேடத்திடம் சொன்னால் புரிந்துகொள்வார் என்று தோன்றியது. அதையும் சொல்லவில்லை. அது அவளுடையது.

"சரி. அப்ப கணக்கு கணக்காவே இருக்கட்டும்" என்றார்.

"இருக்கட்டும் மேடம்."

மறுநாள் முதல் இரண்டு வீட்டிலும் என்ன சமைத்தேன் என்று ஞாபகம் இல்லை. தண்ணீர் குடிக்கவில்லை, பழைய பயம். பத்து மணிக்கு மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹாலைத் தாண்டிப் போய்ப் பாத்ரூம் கதவில் கை வைத்தேன். திறந்தது. வெளியே வந்தபோது, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சாம்பார் போதும், இன்னைக்கு ரசம் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மருமகள் சொல்லி, அவர்கள் வீட்டில் பேசிக் கிளம்ப மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தப் புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு மாமியார், மருமகளோடு நானும் செங்கல்பட்டு போனேன். மீன்காரம்மாவே வந்து கூப்பிட்டார். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்துப் போகிற இடத்தில் நானும் அந்தப் பெண்ணும் இறங்கி ஓடினோம். திரும்பி வந்தபோது மீன்காரம்மா கண்டக்டரோடு சண்டை போட்டு பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் பஸ்ஸு டிக்கெட்ட விட கக்கூஸு டிக்கெட்டுதான் ஜாஸ்தி ஆவுது" என்றார். அன்று முதல் முறையாக அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்தேன்.

அவளை அன்றே அட்மிஷன் போட்டார்கள். என்ன என்று கண்டுபிடித்தார்கள், வைத்தியமும் நடந்தது. அது என்ன என்பதை அவள் சொன்னால் சொல்லட்டும், நான் எழுதமாட்டேன். இப்போது மாமியாரோடு மீன் கூடையருகே உட்கார்கிறாள்.

என் டாக்டரம்மாவிடம் காலண்டர் தாள்களையும் டப்பாக்களையும் காட்டினேன். ஆரஞ்சு மாத்திரையின் லேபிளைப் படித்துவிட்டு, இதில் புளிப்புதான் இருக்கிறது, உங்களுக்கு ஆகாது என்றார். காப்ஸ்யூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்துங்கள், எதைச் சாப்பிட்டாலும் என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். மீதி இருந்த காப்ஸ்யூலையும் பவுடரையும் தீர்த்தேன். தீரும் நாள் நெருங்க நெருங்கப் பயமாகத்தான் இருந்தது. நிறுத்திய பிறகு கோடுகள் பத்தாகவும் பன்னிரண்டாகவும் இருக்கின்றன, சில நாள் ஒன்பது. அது இல்லாததாலா, மழை வந்ததாலா, ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அரை டம்ளர் டீ குடித்ததாலா, எனக்கு இன்னும் தெரியாது. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிரிக்காத ஆரஞ்சு டப்பா ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று மேடத்திடம் கேட்க நினைப்பேன். கதவு ஞாபகம் வரும், கேட்கமாட்டேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று சம்பளம் வாங்கிவிட்டேன். இந்த மாதம் பிடித்தது போக, நான் இன்னும் தரவேண்டியது மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.